ஆட்சேபித்தவர்: ஒருவர்

வாருங்கள், வாசகர்களே! நெடுங்கரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மேற்குச் சுவரருகே வந்து சற்று நில்லுங்கள். வெயில் சுடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே ஒரு மின்பலகை தொங்குகிறது. அதில் ஓடும் எழுத்துகளைக் கூச்சப்படாமல் உரக்கப் படியுங்கள்.

"ஓடைப்புதூர் ஏரிக்கரை நில எடுப்பு. குடும்பங்கள்: 214. ஆட்சேபித்தவர்: ஒருவர். பொது விசாரணை தேவையில்லை."

ஒருவராம்! இருநூற்றுப் பதினான்கு அடுப்புகள் எரியும் ஊரில், என் வீட்டை இடிக்காதே என்று சொல்ல வாய் திறந்தவர் ஒரே ஒருவராம்! மற்ற இருநூற்றுப் பதின்மூன்று குடும்பங்களும் நாக்கை விழுங்கிவிட்டுக் கிடந்தனவா? கிடக்கவில்லை. அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேரும் பேசினார்கள். அவர்கள் பேச்சைப் பறித்தவன் அடியாள் வைத்திருந்த ஆண்டையா? கையூட்டு வாங்கிய அதிகாரியா? இருவரும் இல்லை. பறித்தது முக்கால் கிலோ எடையுள்ள ஒரு கீபோர்டு. அதை வாங்குங்கள் என்று சொன்னவர் நெடுங்கரையிலேயே நல்லவர் என்று பெயரெடுத்த ஒரு மனிதர்.

அவர் பெயர் இருதயராஜ். அவர்மீது கல்லெறிய வந்திருந்தால் கையைத் தாழ்த்துங்கள். அந்தக் கல்லை அவரே தம்மீது பலமுறை எறிந்துகொண்டுவிட்டார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கணினி உதிரிப்பொருள் கடை வைத்திருந்தார் இருதயராஜ். விற்றதைவிட யோசனை சொன்னதே அதிகம். 'நெடுங்கரைச் செய்தி' வார இதழில் பத்தொன்பது ஆண்டுகளாகக் 'கருவிப் பெட்டி' என்னும் கேள்வி பதில் பகுதியை எழுதிவந்தார். மணிக்கட்டு வலிக்கிறவர்களுக்கு எந்த மவுஸ்? சார்ஜர் சுடுவது இயல்பா, ஆபத்தா? கேபிளைச் சார்ஜரைச் சுற்றி இறுக்கிக் கட்டலாமா? கட்டாதீர்கள், கழுத்தருகே உள்ளே கம்பி முறியும் என்பார். கீபோர்டில் தண்ணீர் கொட்டினால் முதலில் இணைப்பைப் பிடுங்குங்கள், கவிழ்த்து வையுங்கள், ஒரு நாள் முழுக்கக் காயட்டும், அவசரப்பட்டு வெயிலில் வைக்காதீர்கள் என்பார். வேண்டாத பொருளை விற்க மாட்டார். "இருக்கிறதே போதும், துடைச்சு வச்சுக்குங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்த ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். கொடுக்கும் விலைக்கு நிறைவான பொருள் என்பதே அவர் மதம்.

அந்த ஆண்டுகளில் நாட்டைப் பிடித்திருந்த பெருநோய் ஒன்றை நீங்கள் அறிவீர்கள். மனுக்களை இயந்திரங்கள் எழுதிக் குவித்தன. ஒரு சாலை வேண்டும் என்று காலையில் பத்தாயிரம் மனு வரும். வேண்டாம் என்று மாலையில் பத்தாயிரம் வரும். இரண்டையும் எழுதிய மனிதன் ஒருவன்கூட இருக்க மாட்டான். குரலையும் போலி செய்தார்கள், கையெழுத்தையும் வரைந்தார்கள். அரசு திகைத்தது. அப்போதுதான் கைத்தடம் பிறந்தது. ஒவ்வொரு மனிதனும் விசையை அழுத்துவதில் ஒரு தாளம் உண்டு. எவ்வளவு நேரம் அழுத்துகிறான், அடுத்த விசைக்கு விரல் எப்படித் தாவுகிறது, எங்கே தயங்குகிறது என்பதையெல்லாம் கீபோர்டே அளந்து, எழுதியவன் மனிதன்தான், இன்ன மனிதன்தான் என்று ஒவ்வொரு தாளிலும் முத்திரை வைக்கும். கைத்தடம் இல்லாத மனு செல்லாது என்று ஆணை வந்தது. நல்ல நோக்கம்தான். அதை நான் மறுக்கவில்லை.

ஆணை வந்த வாரம் இருதயராஜின் கடைக்குப் பரிபூரணம் வந்தாள். ஆட்சியர் அலுவலகத்தின் எதிரே தகரக் கொட்டகையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மனு தட்டச்சு செய்பவள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல அடித்துத் தருவாள். திங்கள்கிழமை குறைதீர் நாள் என்றால் கொட்டகையைச் சுற்றி நூறு செருப்புகள் கிடக்கும்.

"சார், கீபோர்டுல 'ப' விழமாட்டேங்குது" என்றாள்.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா. பட்டாவுக்கு மனு எழுதற ஊர்ல 'ப' இல்லாம நான் என்ன பண்றது?"

அவர் கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். இரண்டு கடுகும் ஒரு முறுக்குத் துண்டும் உதிர்ந்தன.

"இதென்ன, தாளிச்சீங்களா?"

"மனு குடுக்க வர்றவங்க பசியோட வர்றாங்க சார். நான் தின்னுட்டு அவங்கள வேடிக்கை பாக்கச் சொல்றதா?"

"இதுக்குக் காலம் முடிஞ்சுது. எப்படியும் புதுச் சட்டத்துக்குக் கைத்தடக் கீபோர்டு வாங்கித்தான் ஆகணும்" என்று சொல்லி, இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். கரம் நிறுவனத்தின் இரண்டு வகைகள். ஒன்று 'கரம் ஒன்று'. மற்றது 'கரம் பல'. விலை மூன்று மடங்கு.

இரண்டையும் அவர் முந்தைய வாரமே கழற்றிப் பார்த்திருந்தார். இரண்டிலும் உள்ளே விசை ஒன்றேதான், சுருள்வில் ஒன்றுதான், ஐந்து கோடி அழுத்தம் தாங்கும் என்ற உறுதிமொழியும் ஒன்றுதான். அதைப் பெருமையோடு எடுத்துச் சொன்னார்.

"அப்ப இந்தப் 'பல'வுல மூணு மடங்குக்கு அப்படி என்ன சார் வச்சிருக்கான்?"

"ஒவ்வொரு மனுவுக்கும் மனுதாரரே உக்காந்து ஒரு வரி தட்டணும்னு கேக்கும். உங்ககிட்ட வர்றவங்க தட்டுவாங்களா?"

"தட்டத் தெரிஞ்சா என்கிட்ட எதுக்கு சார் வர்றாங்க?"

இருவரும் சிரித்தார்கள். வாசகர்களே, அந்தச் சிரிப்பைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இருதயராஜ் இன்றுவரை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"அப்ப 'ஒன்று'தான் உங்களுக்கு. தேவையில்லாத வசதிக்கு எதுக்குக் கொட்டிக் குடுக்கணும்?"

பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளையும் அவர் படிக்காமல் விடவில்லை. 'ஒரு கருவி, ஒரு கை' என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. "இதுவும் நல்லதுதான். களவு போனாலும் வேற எவனும் உங்க கருவியில எழுத முடியாது" என்றார். அந்த வாரக் 'கருவிப் பெட்டி'யில் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "மனு எழுதுவோருக்கு இதைவிட உகந்த கருவி இல்லை" என்று எழுதினார்.

விசையைக் கழற்றிப் பார்த்தவர், வில்லை இழுத்துப் பார்த்தவர், அந்த நான்கு சொற்களைத் தட்டிப் பார்க்கவில்லை. ஒரு கை என்றால் ஒரு வாய் என்று யாரோ எங்கோ கணக்கிடப் போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஏழு மாதம் கழித்து ஓடைப்புதூருக்கு அறிவிப்பு வந்தது. ஏரிக்கரையில் தரவு மையம் அமைக்கப்போகிறார்கள். நாட்டின் நினைவையெல்லாம் சேர்த்துவைக்கும் இயந்திரங்களைக் குளிர்விக்க ஏரித் தண்ணீர் வேண்டும். கரையில் இருக்கும் இருநூற்றுப் பதினான்கு வீடுகளும் போக வேண்டும். சட்டம் ஒரு வழி விட்டிருந்தது. முப்பது நாளுக்குள் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள், அதாவது நூற்றெட்டுக் குடும்பங்கள், தனித்தனியே ஆட்சேபித்தால் பொது விசாரணை நடத்தாமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது.

ஊரைத் திரட்டியவன் கன்னியப்பன். கழிவுநீர் உறிஞ்சும் லாரி ஓட்டுபவன். "ஊரு கழிவையெல்லாம் நான்தான் அள்றேன். இதையும் அள்ளிப் பாத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போனான். ஒன்பது நாள் பரிபூரணத்தின் கொட்டகையில் வரிசை நின்றது. ஒரே வாசகத்தை அடித்துப் பெயரை மட்டும் மாற்றிவிடலாம் என்று யாரோ சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள்.

"ஒவ்வொருத்தர் வீடும் ஒரே மாதிரியா இருக்கு? அப்புறம் மனு மட்டும் எப்படி ஒரே மாதிரி இருக்கும்?"

மூன்றாம் நாள் பகலில் இருதயராஜ் அங்கே போனார். அவளுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டதென்று கேள்விப்பட்டு, கைதாங்கும் பஞ்சுப் பட்டை ஒன்றை எடுத்துப் போயிருந்தார். நாற்காலியைச் சற்று உயர்த்தி, முழங்கை மேசைமட்டத்துக்கு வரும்படி உட்காரவைத்தார். எதிரே பொம்மக்காள் என்ற பெண் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மூணு எருமை இருக்கு. மூணாவது மாடியில வீடு தர்றாங்களாம். எருமை எப்படிங்க மாடி ஏறும்?"

பரிபூரணம் அதை அப்படியே அடித்தாள்.

"லிப்டு உண்டான்னும் கேளுங்கக்கா" என்றான் கன்னியப்பன். "உண்டுன்னா எத்தனை எருமை தாங்கும்னும் எழுதி அனுப்பச் சொல்லுங்க."

"நீ சும்மா இரு. உன் மனுவுல நீ சொன்ன கெட்ட வார்த்தையை எடுக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆச்சு."

"அதுதாங்கக்கா அதுல இருந்த ஒரே உண்மை!"

வரிசை முழுதும் சிரித்தது. இருதயராஜும் சிரித்தார். தாம் தேர்ந்து கொடுத்த கருவி சோர்வில்லாமல் உழைப்பதைப் பார்த்தபோது அவருக்குள் ஒரு நிறைவு. பட்டுப்போல் அழுந்துகிறது, ஒரு விசைகூடத் திக்கவில்லை என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டார். இருநூற்றுப் பதினான்கு மனுக்களும் கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தன.

பிறகுதான் அந்த மின்பலகை.

முதலில் கடைக்கு ஓடிவந்தவன் கன்னியப்பன். "சார், யாரு சார் அந்த ஒருத்தன்? ஆளக் காட்டுங்க, மாலை போடறேன். மத்த இருநூத்திச் சொச்சம் பேரையும் செத்தவங்க கணக்குல சேர்த்துட்டாங்களா?"

இருதயராஜ் கடையைப் பாதியில் மூடினார். பரிபூரணத்தையும் கூட்டிக்கொண்டு மூவரும் நில எடுப்புப் பிரிவுக்குப் போனார்கள். அங்கிருந்த கண்காணிப்பாளர் தமயந்தி கடுகடுப்பானவர் அல்லர். உட்காரச் சொன்னார், திரையைத் திருப்பிக் காட்டினார்.

"வந்த மனு இருநூத்திப் பதினாலு. எல்லாம் வந்து சேர்ந்திருக்கு. ஆனா கைத்தடம் ஒண்ணுதான் சார். ஒரே கை பல பேர்ல எழுதினா, இது எல்லாத்தையும் ஒரே மனுவா மடிச்சிடும்."

"மடிக்கிறதுன்னா?" என்றார் இருதயராஜ்.

"ஒருத்தர் இருநூறு தடவ சொன்ன மாதிரி எடுத்துக்கும். மொத மனுவ வச்சுக்கிட்டு மத்ததை அதுக்குள்ள மடிச்சு வச்சிடும். ஒரு ஆளு உக்காந்து ஊரு பேர்ல எழுதித் தள்ளக் கூடாதுன்னுதானே இந்த ஏற்பாடே வந்துது."

"எல்லாத்துலயும் கீழ கைநாட்டு இருக்குதும்மா" என்றான் கன்னியப்பன். "என் கட்டைவிரல்ல இன்னும் மை போகல, பாருங்க."

"கைநாட்டை இயந்திரம் வரைஞ்சிடும்னு ஆறு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்துட்டாங்கப்பா."

"ஆளு நேரா வந்து நின்னா?"

தமயந்தி சன்னலைக் காட்டினார். கம்பிகளுக்கு அப்பால் தெருவின் எதிர்ப்புறம் பரிபூரணத்தின் கொட்டகை தெரிந்தது. "அந்த வரிசைய ஒம்பது நாளும் இங்கேருந்து நான் பாத்தேன். இருநூறு பேரும் மனுஷங்கதான். எருமைக்காரம்மாவக்கூட எனக்கு அடையாளம் தெரியும். ஆனா நான் பாத்ததப் பதியறதுக்கு இதுல ஒரு கட்டம் இல்ல சார். நான் என்ன செய்யட்டும்?"

கேட்டீர்களா? கண் இருந்தது, கருணை இருந்தது, நாற்காலியும் இருந்தது. கட்டம் இல்லை!

தமயந்தி மெல்லக் கேட்டார். "எந்தக் கருவியில அடிச்சீங்கம்மா?"

"கரம் ஒன்று" என்றாள் பரிபூரணம்.

"அது வீட்டுல வச்சுக்கிறதாச்சே. உங்க மாதிரி ஆளுங்களுக்குத்தான் 'பல' இருக்கு. வாங்கும்போது யாரும் சொல்லலையா?"

இருதயராஜ் வாய் திறப்பதற்குள் பரிபூரணம் முந்திக்கொண்டாள்.

"யாரையும் கேக்கலம்மா. வெலை கொறைச்சலா இருக்குதுன்னு நானாத்தான் வாங்கினேன்."

அவள் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக ஊருக்கெல்லாம் பதில் சொன்னவர் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த பிறகு, "நான்தானே சொன்னேன், ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டார். "சொன்னா மட்டும் மனு விரிஞ்சிடுமா சார்?" என்று கேட்டுவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

மேல்முறையீட்டுக்கு மூன்று நாள் இருந்தது. நூற்றெட்டுக் குடும்பங்கள் 'பல' கருவியில் தத்தம் கையால் ஒரு வரி தட்டினால் போதும், மடிக்கப்பட்ட மனுக்கள் மறுபடி விரிந்துவிடும் என்று தமயந்தி சொல்லியிருந்தார். இருதயராஜ் கடையில் இருந்த மூன்று 'கரம் பல' பெட்டிகளையும் பிரித்தார். விற்பனைப் பொருள்களை ஓரமாகத் தள்ளி மூன்று மேசை போட்டார். தட்ட வேண்டிய வரியைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி மாட்டினார்: 'இது என் சொல்.'

மூன்றே சொற்கள். நமக்கு நான்கு நொடி. ஓடைப்புதூர்க்காரர்களுக்கு அது மலையேற்றம். இளையவர்கள் தட்டிவிட்டு நகர்ந்தார்கள். செங்கல் சூளையில் காய்த்துப்போன விரல்கள் ஒரே நேரத்தில் இரண்டு விசைகளை அமுக்கின. கிணறு வெட்டும் பொங்கியண்ணன் ஓர் எழுத்தைத் தேடி மூச்சுவாங்க உட்கார்ந்திருந்தார். நேரம் கடந்துவிட்டதென்று கருவி சிவப்பாக ஒளிர்ந்து, முதலிலிருந்து தட்டச் சொன்னது. நான்காவது முறை சிவந்தபோது அவர் எழுந்துவிட்டார்.

"பாறையில உளி பிடிக்கச் சொல்லு, பிடிக்கிறேன். இந்தப் பல்லி முட்டை மேல கைவைக்க எனக்குப் பயமாயிருக்கு, தாயி."

"உக்காருங்கண்ணே" என்றாள் பரிபூரணம். அவர் பின்னால் போய் நின்றாள். பள்ளியில் சேர்க்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதவைப்பார்கள் அல்லவா, அதைப்போல அவருடைய ஆள்காட்டி விரலைத் தன் விரல்களுக்குள் பிடித்தாள். ஒவ்வோர் எழுத்தாகக் கொண்டுபோய் வைத்தாள். கருவி பச்சையாக ஒளிர்ந்தது. பொங்கியண்ணன் சத்தம் போட்டுச் சிரித்தார்.

இருதயராஜ் அதைப் பார்த்தார். பார்த்து மகிழ்ந்தார். "அப்படித்தான்! தட்டுறது அவர் விரல்தானே. தடுமாறுறவங்களுக்கெல்லாம் அப்படியே பிடிச்சுக்குங்க" என்றார். இரண்டாம் முறையும் யோசனை சொன்னது அவரே.

மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு எண்ணிக்கை நூற்று முப்பத்தொன்றாக இருந்தது. வேண்டியதைவிட இருபத்து மூன்று அதிகம்! கன்னியப்பன் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கித் தந்தான். பொம்மக்காள் தன் எருமைகளுக்கும் சேர்த்து ஒன்று கேட்டாள்.

மறுநாள் காலை தமயந்தியே தொலைபேசியில் அழைத்தார்.

"எழுபத்து நாலு தடம் சரியாயிருக்கு சார். மீதி அம்பத்தேழுல விரல் வேற, ஆனா தாளம் அந்த அம்மாவோடதுன்னு சொல்லுது. தாவுறது, நிறுத்துறது எல்லாம் அவங்க கைதானாம். அம்பத்தேழையும் பழைய ஒண்ணோட மடிச்சிடுச்சு. மொத்தம் எழுபத்தஞ்சு."

"பச்சை விளக்கு எரிஞ்சுதே?"

"அது மனுஷக் கைதான்னு எரியறது சார். யாரு கைன்னு அப்புறம்தான் பாக்கும்." தமயந்தி தொடர்ந்தார். "இன்னொண்ணு. ரெண்டு தடவ ஒரே கை பல பேர்ல வந்ததால, அந்தக் கைத்தடத்தை மூணு வருஷத்துக்கு நிறுத்தி வச்சிருக்கு. இனிமே அவங்க எதை அடிச்சாலும் எந்த அலுவலகமும் வாங்காது. நான் நிறுத்தல சார். அதுவா நிறுத்திக்கிச்சு."

ஐப்பசி மழைக்கு முன்னால் ஏரிக்கரையை இடித்துவிட்டார்கள். இருநூற்றுப் பதினான்கு வீடுகளுக்கு இரண்டரை நாள் பிடித்தது. பொம்மக்காள் எருமைகளை விற்றுவிட்டு மூன்றாவது மாடிக்குப் போனாள். பொங்கியண்ணன் எங்கே போனார் என்று தெரியவில்லை. பரிபூரணம் கொட்டகையை விடவில்லை. கீபோர்டு இல்லாத மேசையின் முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எந்த அறைக்குப் போக வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள். பழக்க தோஷத்தில் அவள் விரல்கள் வெறும் பலகையின்மேல் அசைந்துகொண்டே இருக்கும்.

இருதயராஜ் அதற்குப் பிறகு மூன்று வாரம் பத்தி எழுதவில்லை. நான்காம் வாரம் ஒரு முழுப்பக்கம் எழுதினார். மறைக்கவில்லை, மழுப்பவில்லை. இரண்டு கருவிகளையும் ஒப்பிட்டதையும், சிரித்ததையும், ஐந்து நட்சத்திரம் கொடுத்ததையும், அலுவலகத்தில் வாய்மூடி இருந்ததையும், விரலைப் பிடிக்கச் சொன்னதையும் வரிவரியாக ஒப்புக்கொண்டார். "விசையின் ஆயுளை அளந்தேன், அது எண்ணப்போகும் மனிதர்களை நான் எண்ணவில்லை" என்று முடித்திருந்தார்.

இதழ் வந்த அன்று கன்னியப்பன் கடைவாசலில் லாரியை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டேன் சார். நல்லா எழுதியிருக்கீங்க." புறப்படும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "இடிச்சப்புறம் எழுதியிருக்கீங்க."

அவர் தலைகுனிந்து அதை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் உள்ளே ஓர் ஆறுதல் இருந்தது. இதைப் படிக்கிறவர்கள் விழித்துக்கொள்வார்கள். இன்னொரு ஊரிலாவது இது நடக்காது என்று நம்பினார்.

ஆறு வாரம் கழித்துக் கரம் நிறுவனத்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே இரண்டு புதிய கீபோர்டுகளும் வழவழப்பான தாளில் ஒரு கடிதமும் இருந்தன.

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கட்டுரையை எங்கள் நிர்வாகக் குழு ஆர்வத்துடன் படித்தது. ஒருவரின் விரலை மற்றொருவர் பிடித்து இயக்கினாலும் எங்கள் கருவி உண்மையான கையைக் கண்டுபிடித்துவிடும் என்பதை எங்களால்கூட இவ்வளவு எளிய தமிழில் விளக்க முடிந்ததில்லை. தங்கள் கட்டுரையின் மொழிபெயர்ப்பை இணைத்து நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தின் பேரில் மேலும் மூன்று மாநிலங்கள் கொள்முதல் ஆணை வழங்கியுள்ளன. நன்றியுடன் எங்கள் சிறு அன்பளிப்பு."

இருதயராஜ் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கடையின் நடுவே நின்றபடி மூன்றாம் முறையும் படித்தார். தம் பாவத்தை ஊரறியச் சொன்னார். அதை விளம்பரமாக அச்சடித்துவிட்டார்கள். வருத்தத்தின் ஒவ்வொரு வரியும் அந்தக் கருவிக்குச் சான்றிதழாகிவிட்டது. ஆறாவது நட்சத்திரம் என்று ஒன்று உண்டானால் அதை அவர் தம் கண்ணீரால் கொடுத்திருக்கிறார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். பரிபூரணம் எழுத்துக்கூட்டாமல் விரைவாகப் படித்து முடித்தாள். கோபம் வரும், அழுகை வரும் என்று அவர் காத்திருந்தார். அவள் கடிதத்தை நான்காக மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"மூணு மாநிலம்னா எத்தனை கொட்டகை இருக்கும் சார்?"

"ஆயிரக்கணக்குல இருக்கும்."

"அங்கயும் ஒரு பொம்பள கடைக்குப் போய், 'ப' விழமாட்டேங்குதுன்னு சொல்லுவா. அங்கயும் உங்கள மாதிரி ஒரு நல்லவர் இருப்பாரு." மடித்த கடிதத்தைச் சுட்டிக்காட்டினாள். "எழுதி ஒண்ணும் ஆகாது சார். எழுதறதத்தான் அது மடிக்குது. மூணு வருஷம் என் கையத்தான் நிறுத்த முடியும். என்னை நிறுத்தலையே. அடுத்த திங்கக்கெழமை நான் ஆளுங்களோட உள்ள போய் நிக்கப் போறேன். ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எண்ணுங்கன்னு சொல்லப் போறேன். நீங்க வர்றீங்களா?"

"என்னைப் பாத்தா அவங்களுக்கு ஆத்திரம் வராதா?"

"வரும். வாங்க."

அந்தத் திங்கள்கிழமை வீடிழந்த ஓடைப்புதூர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் போனார்கள். பதின்மூன்றாவது ஆளாகப் பின்வரிசையில் இருதயராஜ் நின்றார். பரிபூரணம் பெயர் பெயராகச் சொன்னாள். தமயந்தி நீண்ட நேரம் திரையைப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, அரசு முத்திரையிட்ட வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்துத் தம் பேனாவால் எழுதத் தொடங்கினார்: 'என் கண்முன் நிற்பவர்கள்: ஒன்று, பொம்மக்காள்.' அந்தத் தாளுக்குச் சட்டத்தில் இடம் இல்லை. அதை எழுதியதற்காக அடுத்த மாதமே அவருக்கு மாற்றல் ஆணை வந்தது. தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது.

வாசகர்களே, இருதயராஜின் வருத்தத்தைப் படித்து நீங்களும் பெருமூச்சு விட்டுவிட்டு இதழை மூடினால், நானும் கரம் நிறுவனத்துக்கு இன்னொரு விளம்பரம் எழுதியவனாவேன். எனக்கு உங்கள் பெருமூச்சு வேண்டாம். கடைக்குப் போகிறீர்களா? விசை மென்மையா, விலை குறைவா, எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேளுங்கள்; கேட்ட பிறகு, இது என்னைப்பற்றி யாரிடம் என்ன சொல்லும் என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வரும்வரை பெட்டியைப் பிரிக்க விடாதீர்கள். உங்கள் தெருவில் தட்டத் தெரியாத ஒருவர் இருக்கிறார். அவர் பெயரை இன்றே விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். வரும் திங்கள்கிழமை உங்கள் ஊர் ஆட்சியர் அலுவலகத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு போங்கள். அவருக்காக எழுதாதீர்கள். அவர் விரலைப் பிடிக்காதீர்கள். அவர் பக்கத்தில் நின்று, மேசைக்கு அப்பால் இருப்பவரின் கண்ணைப் பார்த்து, இவரை எண்ணு என்று கேளுங்கள். எண்ணும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்!